4 வருடம், 30 மில்லிமீட்டர்: தாழ்த்திய 86-இல் காயில்ஓவரோடு என் அனுபவம்

டொயோட்டா 86-ஐ வாங்கிய ஆறாவது மாதமே காயில்ஓவர், அதாவது உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்பிரிங்-டாம்பர் தொகுப்பு, போட்டுவிட்டேன். அதிலிருந்து 4 வருடம், 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போட்டபோது முன்னும் பின்னும் 6 கிலோ ஸ்பிரிங் (ஒரு மில்லிமீட்டர் அமுங்க 6 கிலோ பளு), ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டாம்பரில் இறுக்கத்தை மாற்ற 30 கிளிக், மேலே ரப்பருக்குப் பதில் உலோகப் பந்து மூட்டு உள்ள பில்லோபால் மவுண்ட். உயரத்தையும், ஸ்பிரிங் உட்காரும் தட்டான ஸ்பிரிங் சீட்டையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளும் வகை. வேலைக்குப் போக, நெடுஞ்சாலைக்கு, மலைப்பாதைக்கு, வருடத்தில் மூன்று நாலு டிராக் நாளுக்கு என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கார்தான்.

முதல் வருடத்தை நான் வீணாக்கினேன். புதிதாகப் போடுகிறவர்கள் அதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பட்டறையில் கொடுத்துப் போட்டேன். 30 மில்லிமீட்டர் இறக்கச் சொன்னேன், அளந்து பார்த்தால் சரியாக 30 இறங்கியிருந்தது. பார்க்கவும் அழகு. ஆனால் ஓட்டினால் சின்னப் பள்ளத்துக்கே முதுகில் அடிக்கிற மாதிரி ஒரு இடி. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பயமுறுத்தியது வேறு. ஒரு நீண்ட வளைவின் நடுவில் பாலத்தின் இணைப்புப் பட்டி குறுக்கே வரும். அதுவரை தரையைப் பிடித்துக்கொண்டு வந்த பின்பக்கம், அந்த இடத்தில் மட்டும் சட்டென்று வெளியே தாவும். ஆக்சிலரேட்டரில் கால் அசையாமல் இருந்தாலும் தாவும். ரியர் வீல் டிரைவ் என்றால் இப்படித்தான் இருக்கும் என்றார்கள். நானும் கொஞ்ச நாள் நம்பினேன்.

பிறகு கிளிக்குகளைத் திருக ஆரம்பித்தேன். பின்பக்கத்தை இளக்கினால் தாவல் கூடியது. இறுக்கினால் தாவல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் சாதாரணச் சாலையில் உட்கார முடியவில்லை. டயர் அழுத்தத்தை மாற்றினேன், டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாற்றினேன். ஒவ்வொரு மாற்றமும் இரண்டு நாள் நன்றாக இருக்கிற மாதிரி தோன்றும், மூன்றாம் நாள் பழைய கதைதான்.

விடையைக் காட்டிக்கொடுத்தது ஒரு கேபிள் டை. டாம்பரின் தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கும் பிஸ்டன் ராடைச் சுற்றி மெல்லிய கேபிள் டை ஒன்றைக் கட்டி, கீழே, ராட் டாம்பருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சீல் வரை இறக்கி வைத்தேன். டாம்பர் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் அந்த டையை ராடின் மேல் தள்ளிவிடும். வழக்கமான சாலையில் பதினைந்து நிமிடம்தான் ஓட்டினேன். திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பின்பக்கம் இரண்டு டையும், டாம்பர் கடைசி வரை அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பின் நுனியில் புதைந்து கிடந்தன. மஞ்சள் ரப்பரில் டையின் பல் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. வண்டி நிற்கும்போது சீலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடையே அளந்தால் வெறும் 18 மில்லிமீட்டர்.

நடந்தது இதுதான். தாழ்த்துவதற்கு டாம்பரின் அடிப்பகுதியில் இருக்கும் பிராக்கெட்டைச் சுற்றி ஏற்றியிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் டாம்பரின் மொத்த நீளம் குறையும், உள்ளே பிஸ்டன் ஓடும் தூரம் குறையாது. பட்டறையில் பிராக்கெட்டைத் தொடவே இல்லை, ஸ்பிரிங் சீட்டைக் கீழே இறக்கி உயரத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜாக்கியில் தூக்கிப் பார்த்தபோது ஸ்பிரிங் கையால் ஆட்டினாலே ஆடியது. 30 மில்லிமீட்டர் தாழ்வு முழுவதும் டாம்பர் அமுங்கும் தூரத்திலிருந்து எடுத்ததுதான். வளைவில் சாய்ந்ததும் வெளிப்பக்கப் பின்சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். அந்த நொடி முதல் 6 கிலோ ஸ்பிரிங் அங்கே வேலை செய்வதில்லை, ரப்பர்தான் ஸ்பிரிங். பின்பக்கத்தின் விறைப்பு ஒரேயடியாகப் பல மடங்கு ஏறும், பிடி விட்டுப்போகும். இளக்கினால் தாவல் ஏன் கூடியது என்பதும் அப்போதுதான் புரிந்தது: இன்னும் சீக்கிரமாக ரப்பரில் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்து நாலு மூலையையும் சரிசெய்தேன். ஸ்பிரிங் சீட்டைக் கையால் இறுகும் அளவுக்கு மேலே கொண்டுவந்து, அதற்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் ஏற்றினேன். பிராக்கெட்டைச் சுற்றி நீளத்தைக் குறைத்து, பழைய உயரத்துக்கே கொண்டுவந்தேன். வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே பின்பக்கம் 18 இருந்தது 46 ஆனது. அன்று மாலை அதே பாலத்தில், அதே வேகத்தில் போனேன். இணைப்புப் பட்டியில் 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பின்பக்கம் அசையவில்லை. ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு வருடமாக இந்தக் காரைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேனே என்று மனசு கஷ்டப்பட்டது.

இப்படி நீளத்தைக் குறைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாம்பர் முழுதாக அமுங்கும் நிலையில் டயர் ஃபெண்டர் லைனரில் (சக்கரத்துக்கு மேலிருக்கும் உள்மறைப்பில்) உரசக்கூடாது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை மேலே தூக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

கிளிக்குகளுக்கு அர்த்தம் வந்ததே இதற்குப் பிறகுதான். முழுதாக இறுக்கிய நிலையைப் பூஜ்ஜியமாக வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன். இப்போது முன்பக்கம் 14, பின்பக்கம் 17. மழை நாளில் பின்பக்கத்தை இன்னும் மூன்று இளக்குவேன். ஒரே திருகு உள்ள டாம்பர்களில் அது பெரும்பாலும் ரீபவுண்டைத்தான் (அமுங்கியது மீண்டு நீளும்போது உள்ள தடையை) மாற்றுகிறது, கம்ப்ரஷன் (அமுங்கும்போது உள்ள தடை) கொஞ்சம்தான் மாறும். அதனால் அளவுக்கு மீறி இறுக்கினால், அடுத்தடுத்து மேடு வரும் சாலையில் அமுங்கிய சக்கரம் மீண்டு இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி படிப்படியாகக் கீழே போய்க் கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். இடிக்கிறதே என்று மேலும் இறுக்குவோம், மேலும் இடிக்கும். முதல் மேட்டைவிட நாலாவது மேட்டில் அதிகம் இடித்தால் இளக்க வேண்டும்.

இரண்டாம் வருடம் பின் ஸ்பிரிங்கை 8 கிலோவுக்கு மாற்றினேன். முன்னைவிடப் பின்னுக்கு விறைப்பா என்று பலர் கேட்டார்கள். 86-இல் முன்பக்கம் ஸ்ட்ரட் (டாம்பரே சக்கரத்தை நேராகத் தாங்கும் அமைப்பு), அதனால் ஸ்பிரிங்கின் விறைப்பில் பெரும்பகுதி சக்கரத்துக்கு வந்துவிடும். பின்பக்கம் டபுள் விஷ்போன் (மேலும் கீழுமாகக் கைகள் தாங்கும் அமைப்பு), மோஷன் ரேஷியோ, அதாவது சக்கரம் நகரும் தூரத்தில் ஸ்பிரிங் அமுங்கும் பங்கு, சுமார் 0.75. சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு அந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 6 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 3.4 கிலோதான், 8 கிலோ போட்டால் 4.5. முன்பக்கம் வேகமாக ஆடி முடிக்க, பின்பக்கம் மெதுவாக ஆடினால் நெடுஞ்சாலையில் மூக்கும் வாலும் மாறி மாறித் தலையாட்டும். பின்பக்கத்தின் ஆட்டம் கொஞ்சம் வேகமாக இருந்தால் அது முன்பக்கத்தை எட்டிப்பிடித்து ஆட்டத்தை அடக்கும் என்பதை ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஓலி 1930-களிலேயே கண்டுவைத்திருந்தார். விறைத்த ஸ்பிரிங் போட்டபின் பயணம் சொகுசானது என்று சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் என் காரில் அப்படித்தான் நடந்தது. அதற்கு ஈடாக, வளைவில் சாய்வைக் குறைக்கும் பின் ஆன்டி ரோல் பாரை இளக்கமான துளைக்கு மாற்றினேன். இல்லாவிட்டால் ஓவர்ஸ்டியர் (வளைவில் பின்பக்கம் வெளியே வழுக்குவது) கூடியிருக்கும்.

அலைன்மென்ட்: முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை உள்நோக்கிச் சாயும் கோணம்) மைனஸ் 2.0 டிகிரி, பின் மைனஸ் 1.8, முன் டோ பூஜ்ஜியம், பின் டோ பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர் உள்நோக்கி. தாழ்த்தினால் பின் கேம்பர் தானாகவே கூடும். கம்பெனி அமைப்பில் டோவைத்தான் சரிசெய்ய முடியும், கேம்பருக்கு வழி இல்லை. அதற்காகத்தான் நீளம் மாற்றும் லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) போட்டேன். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத் திட்டுகிறார்கள். என் அனுபவத்தில் டோ சரியாக இருந்தால் இந்த அளவு கேம்பர் டயரை அவ்வளவாகத் தின்பதில்லை.

அந்த ஆர்மைப் போடும்போது நான் ஒரு தவறு செய்தேன். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே சப்ஃபிரேம் பக்கத்து போல்டை முழுதாக இறுக்கிவிட்டேன். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், நின்றபடியே நாள் முழுக்க முறுக்கில் இருக்கும். எட்டு மாதத்தில் இடது புஷ்ஷில் பிறை வடிவில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். இப்போது சக்கரங்களைப் பலகைமேல் நிறுத்தி, வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு.

தேய்மானம் பற்றி: பில்லோபால் 30,000 கிலோமீட்டரில் 'டக் டக்' என்று பேச ஆரம்பித்தது, முன் இரண்டையும் மாற்றினேன். 46,000-இல் முன் வலது டாம்பரில் எண்ணெய்க் கசிவு, நாலையும் பிரித்துப் புதுப்பித்தாயிற்று. மரைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் கழுவி, காய்ந்தபின் உலர் மசகு அடிக்கிறேன். ஒரு முறை விட்டதில் பூட்டு வளையம் இறுகிப்போய், கழற்ற அரை நாள் ஆனது. தாழ்த்தியதும் ஹெட்லைட் குறியைச் சரிபார்க்கவும் மறக்காதீர்கள்.

முன்பக்கத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஸ்ட்ரட் அமைப்பில் தாழ்த்தும்போது ஈர்ப்பு மையத்தைவிட ரோல் சென்டர், அதாவது வண்டி எதை மையமாக வைத்துச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, அதிகமாக இறங்கிவிடுகிறது. லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி வெளிநுனி மேல்நோக்கி நிற்கிறது, அதனால் மூக்கு நான் விரும்புவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சாய்கிறது. இதற்காக நீளமான பால் ஜாயின்ட் வாங்கி வைத்திருக்கிறேன். அதைப் போட்டால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணத்தையும் சேர்த்துத் திருத்த வேண்டும், இல்லையென்றால் பம்ப் ஸ்டியர் (மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்புவது) வந்துவிடும்.

கேபிள் டைகளை நான் கழற்றவே இல்லை. போன வாரம் டிராக்கிலிருந்து வந்ததும் பார்த்தேன். மிக மோசமான மூலை பின் வலது, அங்கேயும் பம்ப் ஸ்டாப்புக்கு 9 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது.