12 டிஸ்க் கூத்து, அப்பாவின் போன்: வீடியோவை மாற்றுவதா, அப்படியே ஓட்டுவதா?

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கம். 2009இல் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தபோது, மூன்று இரவுக் கூத்தை அப்பா தன் செலவில் வீடியோ எடுக்கச் சொன்னார். துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர். ஒரு ராத்திரிக்கு நான்கு டிவிடி, மொத்தம் 12. அதில் ஆடியவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. வீட்டில் இருந்த டிவிடி பிளேயரும் கெட்டுப்போய் ரொம்ப நாள் ஆகிறது. இந்தப் பொங்கலுக்கு ஓசூரிலிருந்து ஊருக்குப் போனபோது அப்பா டிஸ்க் பையை எடுத்து வைத்து, "இதெல்லாம் போன்ல பாக்கற மாதிரி பண்ணிக் குடுடா" என்றார்.

அதற்காக இருக்கிற எல்லா வழியையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றுவதுதான் சரி என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். வீட்டில் கல்யாண டிஸ்க்கோ காதுகுத்து டிஸ்க்கோ வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சினிமா பார்ப்பதற்காக மட்டும் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். ஓடிடி ஆப்களிலேயே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஒகேனக்கல் காட்டு ரோட்டில் சிக்னல் போனாலும் படம் நிற்காது. கடையில் வாங்கிய சினிமா டிவிடியில் காப்புப் பூட்டு இருந்தால் ஹேண்ட்பிரேக் அதைத் திறக்காது. நான் பேசுவது நம் வீட்டுக்குச் சொந்தமான வீடியோக்களைப் பற்றி.

டிவிடிக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். டிஸ்க்கைத் திறந்தால் ஒரு ஃபோல்டரில் விஓபி என்று முடியும் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேல் போகாது. அதனால் இரண்டு மணி நேரக் கூத்து ஐந்து துண்டாகக் கிடக்கிறது. உள்ளே இருக்கும் படம் எம்பெக்-2 என்ற பழைய முறையில் சுருக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு போன் அதை ஓட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கேலரியில் தொட்டால் பெரும்பாலும் திறக்காததற்குக் காரணம் இதுதான். போனுக்குப் பழக்கமான சேர்க்கை எம்பி4 பெட்டி, அதற்குள் எச்.264 படம், ஏஏசி ஒலி. எச்.264 வந்தது 2003இல். அதற்குப் பிறகு வந்த ஸ்மார்ட்போன்களில் அதை ஓட்டாத போனை நான் பார்த்ததில்லை.

இனி வழிகளுக்கு வருவோம்.

ஆன்லைனில் மாற்றித் தரும் தளங்களை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். ஒரு டிஸ்க் 4.3 ஜிபி. எங்கள் ஊரில் அப்லோடு வேகம் வினாடிக்கு 2 மெகாபிட் கிடைத்தால் பெரிய விஷயம். அந்தக் கணக்கில் ஒரு டிஸ்க் ஏறவே கிட்டத்தட்ட 5 மணி நேரம். நடுவில் லைன் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுவும் போக, வீட்டு வீடியோவை முகம் தெரியாத ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

போனிலேயே மாற்றித் தரும் ஆப்கள் அடுத்தது. இரண்டைத்தான் போட்டுப் பார்த்தேன், அதனால் எல்லா ஆப்களுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டிலும் போன் கையில் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது, பேட்டரி மளமளவென்று இறங்கியது. எப்படியும் டிஸ்க்கை முதலில் ஒரு கம்ப்யூட்டரில் போட்டுத்தான் காப்பி எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் வரை போனபின் மாற்றுவதையும் அங்கேயே செய்துவிடலாம். போனில் எடுத்த ஐந்து நிமிட வீடியோவைச் சின்னதாக்க வேண்டும் என்றால் இந்த ஆப்கள் போதும்.

கடையில் கொடுப்பது மூன்றாவது. கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை, அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. தருமபுரியில் ஒரு கடையில் சோதனைக்காக ஒரு டிஸ்க் கொடுத்தேன். மறுநாளே பென்டிரைவில் வந்துவிட்டது. போட்டுப் பார்த்தால் துரியோதனன் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி இருந்தார். புஜக்கட்டை இரண்டும் திரையின் ஓரத்தைத் தொட்டன, கிரீடம் சட்டி மாதிரி அகலமாகிவிட்டது. 2009 கேமரா எடுத்தது 4:3 அளவுப் படம். அதை இன்றைய 16:9 அகலத்துக்கு நீட்டியிருந்தார்கள். கடைக்காரர் வேண்டுமென்று செய்ததில்லை, எல்லாருடைய வீடியோவுக்கும் ஒரே செட்டிங் போடுகிறார். கடையில் கொடுப்பவர்கள் "படத்தை நீட்டாதீங்க, 4:3 அப்படியே இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள். டிஸ்க்கை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

மிச்சம் இரண்டு. உண்மையான போட்டி இவை இரண்டுக்கும்தான்: எதையும் மாற்றாமல் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் ஆப்பைப் போட்டு ஓட்டுவது, ஹேண்ட்பிரேக்கில் மாற்றிவிடுவது.

விஎல்சியை மதிக்கிறேன். பிரான்சில் மாணவர்கள் கல்லூரியில் ஆரம்பித்த வேலை அது, இன்றுவரை இலவசம், விளம்பரமும் கிடையாது. விஓபியோ, எம்கேவி என்ற இன்னொரு வகை வீடியோ ஃபைலோ, எதைக் கொடுத்தாலும் ஓட்டுகிறது. மாற்றும் நேரம் மிச்சம், தரமும் துளி குறையாது. உங்கள் போனில் நீங்களே பார்ப்பதாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அர்ச்சுனன் தபசு நான்கு டிஸ்க்கையும் மெமரி கார்டில் ஏற்றி, அப்பா போனில் விஎல்சியைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓசூருக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அப்பாவிடமிருந்து போன். தபசு மரம் ஏறுகிற பாட்டைத் தேடுகிறார். நான்கு ஃபோல்டர், ஃபோல்டருக்கு ஐந்து துண்டு, எல்லாமே எண்ணும் எழுத்துமாக ஒரே மாதிரி பெயர். "எத அமுத்தறதுன்னே தெரியலடா" என்றார். பாட்டு நடுவில் ஒரு துண்டு முடிந்தால் ஆர்மோனியம் பாதியில் அறுந்து நின்றுவிடும், அடுத்ததை அவரே தேடித் தொட வேண்டும். சரி, பழகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் போனில் ஏதோ கோளாறு என்று சர்வீஸுக்குக் கொடுத்தார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிக் கொடுத்துவிட்டார்கள். மெமரி கார்டு அப்படியே இருந்தது, விஎல்சி போய்விட்டது. கூத்தும் போய்விட்டது என்றே அப்பா நினைத்துக்கொண்டார். இரண்டு வாரம் என்னிடம் சொல்லவே இல்லை.

என் முடிவு அங்கேதான் மாறியது. தரம், அளவு, வேகம் என்று நாம் கணக்குப் போடுகிறோம். அதைவிடப் பெரிது, கொடுத்துவிட்டு வந்தபின் யார் பார்த்துக்கொள்வது என்பது. விஎல்சி வழியில் ஒவ்வொரு போனுக்கும் ஓர் ஆள் வேண்டும், ஆப் போட்டுக் கொடுக்க, எதைத் தொட வேண்டும் என்று காட்ட, போன் மாறினால் திரும்ப வந்து செய்ய. அப்பாவுக்கு அந்த ஆள் நான், 60 கிலோமீட்டர் தாண்டி இருக்கிறேன். அப்புறம் கூத்து வாத்தியாருக்கு ஒரு காப்பி, பெங்களூரில் இருக்கும் அத்தைக்கு ஒன்று, காரிமங்கலத்தில் சித்தப்பாவுக்கு ஒன்று என்று போனால், அத்தனை போனுக்கும் நானேதான். எம்பி4 ஆக மாற்றிவிட்டால் அந்த வேலை ஒரே தடவை. கேலரியில் தொட்டால் ஓடுகிறது. புதுப் போன் வாங்கினாலும் ஓடுகிறது. வாத்தியார் வீட்டு டிவியில் பென்டிரைவைச் செருகினோம், அங்கேயும் ஓடியது. ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள் இருந்தால் பழைய ஃபார்மட்டில் இருக்கும் பென்டிரைவும் ஏற்றுக்கொள்ளும்.

ஹேண்ட்பிரேக் 2003இலிருந்து இருக்கும் மென்பொருள். முதலில் திறக்கும்போது ஒரே பட்டன் மயமாகத் தெரியும், பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது நாலைந்துதான். நண்பரிடம் ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவ் இரவல் வாங்கி, 12 டிஸ்க்கையும் முதலில் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். டிஸ்க்கிலிருந்து நேரடியாக மாற்றினால் நேரமும் ஆகும், ஒரு கீறலில் சிக்கினால் மொத்தமும் நிற்கும். அப்புறம் ஃபோல்டரை ஹேண்ட்பிரேக்கில் கொடுத்தால், அந்த ஐந்து துண்டையும் அதுவே ஒன்றாகச் சேர்த்து ஒரே வீடியோவாகக் காட்டுகிறது. பாட்டு அறுவது அதோடு ஒழிந்தது.

பிரிசெட்டில், அதாவது தயாராக வைத்திருக்கும் செட்டிங் பட்டியலில், 'ஃபாஸ்ட் 576பி25' எடுத்தேன். நம் நாட்டு டிவிடி 720க்கு 576 புள்ளி, வினாடிக்கு 25 படம். அதற்குப் பொருத்தமானது இதுதான். 1080 என்று போட்டால் ஃபைல்தான் பெருக்கும், இல்லாத தெளிவு எங்கிருந்தும் வராது. தர எண்ணை 20இல் வைத்தேன். இந்த எண் குறையக் குறையத் தரம் கூடும், அளவும் கூடும். டிவிடிக்கு 18 முதல் 22 வரை என்று ஹேண்ட்பிரேக் ஆட்களே சொல்கிறார்கள். படத்தின் அளவு இருக்கும் பக்கத்தில் 'அனமார்ஃபிக்' என்பதை 'நன்' என்று மாற்றினேன். அப்படிச் செய்தால் 4:3 விகிதம் படத்திலேயே பதிந்துவிடும், எந்தப் பிளேயரும் முகத்தை நீட்டாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் 'டீஇன்டர்லேஸ்', அசைவில் தெரியும் கோடுகளை நீக்கும் வசதி. அந்தக் காலக் கேமரா ஒரு முழுப் படத்தை ஒரே நேரத்தில் எடுக்காது. ஒற்றைப்படை வரிகளை ஒரு முறையும், அதற்கு வினாடியில் 50இல் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகளையும் எடுக்கும். பழைய டியூப் டிவி அதே வரிசையில் மாற்றி மாற்றிக் காட்டியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. போன் திரை இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் காட்டுகிறது. ஆள் அசையாமல் நின்றால் ஒன்றும் தெரியாது. துரியோதனன் சலங்கை கட்டிக்கொண்டு சுழன்று ஆடும்போது பாருங்கள், கை ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகக் கிழியும். கூத்தில் ஆட்டமே சுழற்சிதான், அதனால் இது சின்னக் குறை இல்லை. ஃபில்டர் பக்கத்தில் டீஇன்டர்லேஸில் 'யாடிஃப்' எடுத்து, அதில் ஒவ்வொரு பாதியையும் தனிப் படமாக்கும் 'பாப்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பிரேம் ரேட்டை, அதாவது வினாடிக்கு இத்தனை படம் என்ற எண்ணை, 50 ஆக்கினேன். கோடு மறைந்தது, ஆட்டமும் டிவியில் பார்த்த அதே வழுக்கலோடு வந்தது. மாற்றும் நேரம் கூடும், ஆனால் கூத்து, நடனம், கபடி மாதிரி வீடியோக்களுக்கு இதைத் தவறாமல் செய்யுங்கள். கல்யாண வீடியோவில் ஆட்கள் உட்கார்ந்தும் நின்றும்தான் இருப்பார்கள், அதற்கு பாப் இல்லாமல் சாதா யாடிஃப் போதும்.

முழுதாக ஓட விடுவதற்கு முன், பிரிவியூவில் 30 வினாடி மட்டும் எடுத்துப் போனில் போட்டுப் பாருங்கள். வெளிச்சமும் அசைவும் மோசமாக இருக்கும் இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். நான் எடுத்தது பதினெட்டாம் போரில் விடியற்காலைக் காட்சி. ஒரே ஒரு டியூப் லைட், பின்னால் புழுதி, அரிதாரம் வியர்வையில் கரைந்த முகம். அது நன்றாக வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். எட்டாம் தலைமுறை ஐ5 லேப்டாப்பில் ஒரு டிஸ்க்குக்கு முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. 12 டிஸ்க்கையும் வரிசையில் சேர்த்துவிட்டு ராத்திரி தூங்கிவிட்டேன். 4.3 ஜிபி டிஸ்க் ஒவ்வொன்றும் 1.3, 1.4 ஜிபி என்று வந்து நின்றது. 50 ஜிபிக்கு மேல் இருந்தது 16 ஜிபிக்குள் அடங்கிவிட்டது.

எச்.264க்கு அடுத்து வந்த சுருக்கும் முறையான எச்.265 போட்டால் இன்னும் சின்னதாகும். மாற்றும் நேரம் கூடும், பழைய போனிலும் பழைய டிவியிலும் ஓடாமல் போகலாம். ஊர் முழுக்கக் கொடுக்கப் போகிறவர்களுக்கு எச்.264தான் நல்லது. ஐபோன் எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை, நான் ஓட்டிப் பார்த்தது எல்லாமே ஆண்ட்ராய்டில்.

எம்கேவி ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே எச்.264தான் இருக்கிறது என்றால் முழுதாக மாற்ற வேண்டியதே இல்லை, பெட்டியை மட்டும் எம்பி4 ஆக்கினால் போதும். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்துவிடுகிறது. படத்தை மறுபடி சுருக்காததால் வேலையும் சீக்கிரம் முடிகிறது, தரமும் குறைவதில்லை. ஒலி ஏஏசியாக இல்லாவிட்டால் சில போன்களில் படம் வரும், சத்தம் வராது. அப்போது ஒலியை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஃபைலுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன்: 'தபசு 1', 'தபசு 2', 'பதினெட்டாம் போர் 4' என்று. அப்பா இப்போது யாரையும் கேட்பதில்லை. அத்தைக்கு வாட்ஸ்ஆப்பில் டாகுமென்டாக அனுப்பினேன். வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிக் கெடுத்துவிடும், டாகுமென்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். ஹார்ட் டிஸ்க்கில் எடுத்த விஓபி காப்பியை அழிக்கவில்லை, நீங்களும் அழிக்காதீர்கள். துகிலுரிதல் மூன்றாவது டிஸ்க்கில் மட்டும் ஓர் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அதை இன்னொரு டிரைவில் போட்டுப் படித்துப் பார்க்க வேண்டும், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது டிஸ்க்கை எடுத்து வருகிறேன்.