14416: டெலி மானஸுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன்

2020 மார்ச்சில் ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொன்னபோது நான் இரண்டாம் வருஷம். அப்புறம் ஒன்றரை வருஷம் மொட்டைமாடித் தண்ணித்தொட்டி நிழலில், கேமராவை அணைத்துவிட்டு கிளாஸ். காலேஜ் திறந்தபோது கவுன்சிலர் அறையில் பூட்டு. டிகிரி வந்தது, நாலு பேர் முன்னால் வாய் திறக்கும் தைரியம் வரவில்லை. இன்டர்வியூ என்றாலே உள்ளங்கை வேர்த்துவிடும்.

டெலி மானஸ் என்பது மனசு சரியில்லாதபோது போனில் பேச, 2022 அக்டோபரில் வந்த அரசு மனநல உதவிச் சேவை. காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ராத்திரி ஒரு மணிக்கு அடித்தேன். எடுத்த அக்கா, "சாப்ட்டீங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். மூச்சுப் பயிற்சி எனக்கு ஒட்டவில்லை, என் பொறுமை அப்படி. ஆனால் குறுக்கே பேசாமல் இருபது நிமிஷம் கேட்டாரே, அதற்கே நாலு ஸ்டார். அடுத்த இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி மறுபடி கூப்பிடுவேன்.