வீட்டில் கிளிசரின் சோப்பு: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிய வந்தவை

வீட்டில் கிளிசரின் சோப்பு செய்கிறோம் என்பவர்களில் பெரும்பாலோர் செய்வது, ‘மெல்ட் அண்ட் போர்’ பேஸை, அதாவது கடையில் கிடைக்கும் தயார்நிலை சோப்புக் கட்டியை வாங்கி உருக்கி ஊற்றுவதுதான். எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடா வேலை பேஸ் தயாராகும் இடத்திலேயே முடிந்துவிடுவதால் கை வெந்துபோகும் பயம் இல்லை. வாரக்கணக்கில் ஆறப்போடவும் வேண்டாம், மறுநாளே குளிக்கலாம். பேஸ் இல்லாமல் ஆரம்பத்திலிருந்தே கண்ணாடி சோப்பு செய்ய வேண்டுமானால் காஸ்டிக்கோடு ஆல்கஹாலையும் சூடாக்க வேண்டியிருக்கும். கேஸ் அடுப்பு எரியும் சமையலறையில் அதை முயலவே வேண்டாம்.

பேஸ் வாங்கும்போது விலையைவிடப் பின்பக்க லேபிள் முக்கியம். சோடியம் ஸ்டியரேட், சோடியம் லாரேட், கிளிசரின், சார்பிட்டால், புரோப்பிலீன் கிளைக்கால், தண்ணீர் ஆகியவை வழக்கமாக இருக்கும். சிலவற்றில் சோடியம் லாரெத் சல்பேட்டும் சேர்ந்திருக்கும். ‘சல்பேட் இல்லாதது’ என்ற ஒரே காரணத்துக்காக வாங்கிவிட வேண்டாம், உங்கள் வீட்டுத் தண்ணீரையும் பாருங்கள். உப்பு போர்த் தண்ணீரில் சல்பேட் இல்லாத பேஸ் நுரை தராது. கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகப் பக்கெட்டில் ஒட்டும். ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் அதே பேஸ் அருமையாக நுரைக்கும், தோலையும் அவ்வளவாக இழுக்காது.

500 கிராம் பேஸில் 100 கிராம் சோப்பு ஏறக்குறைய ஐந்து வரும். சிறு சதுரங்களாக நறுக்கி, எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, கொதிநீருள்ள பெரிய பாத்திரத்தின் மேல் வைத்து மூடுங்கள். மூடி அவசியம். பேஸில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் போனால் சோப்பு ரப்பர் போல இழுபடும், கலங்கும், ஓரம் மஞ்சளிக்கும். 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் எல்லாம் உருகிவிடும். 70-ஐத் தாண்ட விடாதீர்கள். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சூடு ஏறி இழுபடத் தொடங்கிவிட்டால், 500 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் டிஸ்டில்டு வாட்டர் விட்டு மெதுவாகக் கலக்கினால் ஓரளவு மீளும். கரண்டியைத் தூக்கித் தூக்கிக் கலக்கினால் காற்றுக் குமிழி நிற்கும், அடியிலேயே சுற்றுங்கள்.

வாசனை எண்ணெய் 1 முதல் 2 சதவீதம், அதாவது 500 கிராமுக்கு 5 முதல் 10 கிராம். அடுப்பை அணைத்து, 55 டிகிரிக்கு இறங்கிய பிறகே சேருங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களின் வாசனை சீக்கிரமே பறந்துவிடும்; வெட்டிவேரும் பச்சோலியும் கடைசித் துண்டுவரை நிற்கும். வெனிலின் உள்ள வாசனைகள் சோப்பைப் போகப் போகப் பழுப்பாக்கும். கிராம்பு, பட்டை எண்ணெய்கள் தோலை எரிக்கும், அவை வேண்டாம். தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய் கூடுதலாகச் சேர்க்க ஆசையிருந்தால் 500 கிராமுக்கு ஒரு டீஸ்பூன்தான் உச்சம். மீறினால் சோப்பு மங்கி, கொழகொழத்து, நுரை செத்துப்போகும்.

மூலிகை சேர்ப்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பச்சைக் கற்றாழை, அரைத்த வேப்பிலை, பால் எதுவும் இதில் நிற்காது. அவற்றின் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். ரோஜா இதழ் சில நாளில் பழுப்பாகிவிடும். நன்கு உலர்ந்து வஸ்திரகாயம் செய்த, அதாவது மெல்லிய துணியில் சலித்த பொடி மட்டுமே சரி. குப்பைமேனி, ஆவாரம்பூ, வெட்டிவேர் எதுவானாலும் 500 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் போதும். பொடியை முதலில் கொஞ்சம் கிளிசரினில் குழைத்துவிட்டால் கட்டி தட்டாது. சூடாக இருக்கும்போதே ஊற்றினால் பொடி முழுவதும் அடியில் படியும். 50 டிகிரி சுமாருக்கு இறங்கி, கரண்டியில் சற்றுத் தடித்து வழியும் பக்குவத்தில் ஊற்ற வேண்டும். மஞ்சள் தனி விஷயம். சோப்பின் காரத்தன்மையில் அது சிவந்துவிடும், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த ஆரத்தி நீர் சிவப்பதும் இதே வேதியியல்தான். கால் டீஸ்பூனோடு நிறுத்துங்கள். அதிகமானால் துண்டில் கறை ஏறும்.

ஊற்றியதும் மேலே நிற்கும் நுரையின் மீது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை இரண்டு முறை ஸ்பிரே செய்தால் கண்ணெதிரே உடைந்து கண்ணாடி போலாகும். அடுப்பு அணைந்திருக்க வேண்டும், அது எளிதில் தீப்பற்றும். இரண்டு நிற அடுக்கு வேண்டுமானால், கீழடுக்கு ஆடை கட்டி, இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆல்கஹால் தெளித்து அடுத்ததை ஊற்றுங்கள். முழுக்க ஆறிய அடுக்கின் மேல் ஊற்றியது, குளிக்கும்போது இரண்டாகப் பிரிந்து வந்துவிடும். சிலிகான் மோல்டில் மூன்று நான்கு மணி நேரம் வெளியிலேயே ஆறட்டும். அவசரத்துக்கு ஃபிரிட்ஜில் வைத்தால், எடுத்ததும் மேலெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும்.

நாள்பட்ட பயன்பாட்டில் பெரிய தொல்லை வியர்வைதான். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலோர ஊர்களில், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழையில், சுற்றாமல் வைத்த சோப்பின் மேல் சிறு முத்துக்களாக நீர் அரும்பி நிற்கும். இது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். பரிசாகக் கொடுக்க முடியாது, அவ்வளவுதான். மோல்டிலிருந்து எடுத்த அன்றே கிளிங் ஃபிலிமில் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றுங்கள். வெறும் காகிதமும் அட்டைப்பெட்டியும் காப்பாற்றாது. ஏசி அறையில் திறந்து வைத்தால் நேர்மாறாக, ஈரம் இழந்து சுருங்கும்.

கடைச் சோப்பைவிட இது வேகமாகக் கரையும், அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். நீர் வடியும் தட்டில், ஷவர் தெறிக்காத இடத்தில் வைத்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். முகம் வெளுக்கும், பரு போகும் என்ற பேச்செல்லாம் வேண்டாம். கழுவிய பிறகு தோல் அதிகம் வறளாமல் இருப்பதே இதன் உண்மையான பலன். விற்கும் எண்ணம் இருந்தால், அழகுசாதனப் பொருள்களுக்கான 2020 விதிகளின்படி உற்பத்தி உரிமம் தேவை.

மிஞ்சிய ஓரத் துண்டுகளை மூடிய டப்பாவில் சேர்த்து மறுபடி உருக்கலாம். வாசனை கலந்த துண்டுகளைத் தனியாக வையுங்கள். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் கொஞ்சம் கலங்கும் என்பதால், அவற்றை ஒளிபுகா வெள்ளை பேஸோடு சேர்த்துக் கை கழுவும் சோப்பாக ஊற்றிக்கொள்வது நல்லது.