விமானத்துக்கான எபாக்ஸி என்று சொல்லி 38,400 ரூபாய்க்கு ஏமாற்று: பெங்களூரில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் உடனே படியுங்கள்

கடைப் பெயரைப் போடவில்லை. ரெசின், கிளாஸ் துணி, ஜெல்கோட் விற்கிற கடை, ஆன்லைனிலும் ஆர்டர் எடுக்கிறார்கள். நான் வாங்கியது லேமினேட்டிங் எபாக்ஸி (கிளாஸ் துணியை அடுக்கடுக்காக ஒட்டும் ரெசின்) 12 கிலோ, அதை இறுக வைக்கும் ஹார்டனர் 4.8 கிலோ. மொத்தம் 38,400 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே.

நம்ப வைத்தது கடைக்காரர் பேச்சு. எடைக்கு 100க்கு 40 விகிதம், 60 டிகிரியில் 15 மணி நேரம் போஸ்ட் க்யூர் (இறுகிய பிறகு சூட்டில் வைத்து முழு உறுதி வரவைப்பது) என்று மனப்பாடமாக ஒப்பித்தார். டேட்டா ஷீட்டை அச்சடித்துக் கையில் கொடுத்தார். "பெரிய டிரம்ல இருந்து நாங்களே பிரிச்சு அடைக்கிறோம்ணா, அதான் விலை கம்மி" என்று தமிழில் வேறு சொன்னார். அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். பிரித்து அடைத்த கேனில் தயாரிப்பாளரின் சீல் கிடையாது, பேட்ச் எண் கிடையாது. உள்ளே இருப்பதும் அந்த டேட்டா ஷீட்டில் இருப்பதும் ஒன்றுதான் என்பதற்கு அவர் வாய்ச்சொல் மட்டுமே சாட்சி.

சோதனைக்கு ஒரு பட்டை போட்டேன். 0.1 கிராம் தராசில் 100 கிராமுக்கு 40 கிராம் நிறுத்து, ஓரமும் அடியும் வழித்து 2 நிமிடம் கலக்கி, வேறு கப்புக்கு மாற்றி மறுபடி கலக்கியது. 6 அடுக்குத் துணி, மேலே பீல் ப்ளை (இறுகியதும் உரித்தெடுக்கும் துணி). 24 மணி நேரம் கழித்தும் நகம் பதிந்தது. 60 டிகிரி பெட்டியில் 15 மணி நேரம் வைத்த பிறகும் அசிட்டோன் துணியால் தேய்த்தால் பிசுபிசுப்பு. பட்டையை 55 டிகிரி வெந்நீரில் போட்டதும் ரப்பர் மாதிரி வளைந்தது. வெயிலில் நிற்கும் இறக்கைக்கு அந்தச் சூடு சாதாரணம். கிளாஸ் துணியும் எபாக்ஸியும் கொண்டு கட்டும் இந்த வகை விமானங்களுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிப்பதே அதனால்தான்.

அகலத் தட்டில் ஊற்றி வைத்த 140 கிராம் கலவை 3 நாளில் 131 கிராம் ஆனது. எபாக்ஸியும் அமீன் ஹார்டனரும் சேரும்போது எதுவும் பிரிந்து வெளியேறாது, எடை ஏறக்குறைய அப்படியே நிற்க வேண்டும். 9 கிராம் காணாமல் போனால் தின்னர் கலந்திருக்கிறது என்று பொருள். லாங்-ஈஸி (சொந்தமாகக் கட்டும் ஒரு விமான மாடல்) முறையில் ஃபோமை வெட்டி அதன்மேலேயே துணி ஒட்டிய விங்லெட்டை (இறக்கை நுனியில் நிமிர்ந்து நிற்கும் சிறு இறக்கை) அறுத்துப் பார்த்தால் அதுவும் உறுதி: தோலுக்கு அடியில் நீல ஃபோம் குழி குழியாக அரித்துக் கிடக்கிறது. சுத்தமான எபாக்ஸி பாலிஸ்டைரீன் ஃபோமை அரிக்காது. கரைப்பான்தான் அரிக்கும்.

போன் செய்தால் பதில்கள் இப்படி. முதல் நாள், "மழைக்காலம் சார், ஈரப்பதம்." பணம் வாங்கும்வரை அண்ணா, இப்போது சார். அதே நாளில், அதே தராசில், மிச்சமிருந்த பழைய ரெசினில் போட்ட பட்டை கல்லாக இருக்கிறதே என்றதும், "உங்க தராசைச் செக் பண்ணுங்க." மூன்றாவது முறை சொன்னதுதான் பொறுக்க முடியாதது: "ஹார்டனர் இன்னும் 10 கிராம் சேர்த்துப் போடுங்க, செட் ஆயிடும்."

இதை யாரும் செய்துவிடாதீர்கள். பாலியெஸ்டர் என்ற வேறு வகை ரெசினில் போடும் எம்.ஈ.கே.பி. (MEKP) வினையைத் தொடங்கிவைக்கும் பொருள், கூட்டினால் சீக்கிரம் இறுகும். எபாக்ஸியிலோ ஹார்டனர் இறுகும் வலையிலேயே ஒரு பகுதி. ஒவ்வொரு ரெசின் மூலக்கூறுக்கும் இவ்வளவு என்று கணக்கு உண்டு. கூட்டினால் மிஞ்சியது வினையில் சேராமல் உள்ளேயே தங்கி, லேமினேட்டை (ரெசினில் ஒட்டிய துணி அடுக்கை) இன்னும் மென்மையாக்கும். விமானத்துக்கு என்று சொல்லி விற்கிறவருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். இரண்டுமே ஆளைக் கொல்லும்.

கடைசியில், "சீல் உடைச்ச பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." இல்லாத சீலுக்கு! ஆன்லைன் புகாரையும் அதே காரணம் சொல்லி மூடிவிட்டார்கள். 38,400 ரூபாய் போனது போனதுதான். விங்லெட்டும் குப்பை. இறுகாத அடுக்கின்மேல் நல்ல ரெசின் போட்டு அதைக் காப்பாற்ற முடியாது.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான்: பிரித்து அடைத்த கேன் வாங்காதீர்கள். பேட்ச் எண்ணை போட்டோ எடுத்துத் தயாரிப்பாளருக்கே அனுப்பிக் கேளுங்கள். புதுக் கேன் திறந்தால் முதலில் ஒரு பட்டை, வெந்நீர்ச் சோதனை, எடைச் சோதனை, ஒரு ஃபோம் துண்டில் ஒரு சொட்டு. இவை முடியும்வரை விமானத்தின் எந்தப் பாகத்திலும் அந்த ரெசின் படக்கூடாது. பெயர்ச்சீட்டு மட்டும் ஒட்டிய வெள்ளை 4 கிலோ கேன் யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே சோதியுங்கள்.