இடது குழலும் சரியாகவில்லை, முன்கட்டையும் மாறிப்போனது

பட்டாளத்திலிருந்து வந்தபிறகு ஏ.டி.எம். பணம் ஏற்றும் வண்டியில் கன்மேன் வேலை பார்க்கிறேன். என் பேரில் லைசென்ஸ் உள்ள 12 போர் டபுள் பேரல் (இரட்டைக் குழல்) துப்பாக்கிதான் எனக்குச் சோறு போடுகிறது. அது கையில் இல்லாத நாளில் டூட்டி கிடையாது, சம்பளமும் கிடையாது.

வீடு காசிமேட்டில். உப்புக்காற்று இரும்பை என்ன பண்ணும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தும், இடது குழல் மந்தமாகிவிட்டது. வலது பக்கம் விசையை இழுத்தால் 'டக்' என்று அடிக்கும், இடது பக்கம் சத்தமே அமுங்கிப்போகும். நம்ம பக்கத்துத் துப்பாக்கிக் கடையில் ரிப்பேருக்கு விட்டேன். துப்பாக்கி நம்பரை ரசீதில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். சொன்ன தேதி தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் 'ஃபயரிங் பின் புதுசு' என்று, தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியை மாற்றியதாகப் பில் போட்டு 2,800 ரூபாய் வாங்கினார்கள்.

கையில் எடுத்ததுமே, குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டை ஆடியது. பெரம்பூரில் ஒரு அண்ணன் இருக்கிறார், பட்டாளத்தின் ரிப்பேர் பிரிவான இ.எம்.இ.யில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் கொண்டுபோனேன். பின் குத்தும் கேப் இருக்கும் இடத்தில் ரப்பர் வைத்த டம்மி தோட்டாவைப் போட்டு இரண்டு பக்கமும் அடித்துப் பார்த்தார். வலது ரப்பரில் நல்ல குழி. இடது ரப்பரில் நகம் பட்ட மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். பழைய பின்னையே முனையில் அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்தால் நீளம் குறையும், அடி இன்னும் இலேசாகத்தான் விழும்.

அப்புறம் முன்கட்டையைக் கழற்றி, உள்ளே இருக்கும் இரும்பை வெளிச்சத்தில் திருப்பினார்.

"தம்பி, உன் நம்பர் கடைசியில என்ன?"

"நாப்பத்தேழுண்ணே."

"இதுல பதினாறுன்னு இருக்கே."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் நம்பரைத்தான் முதலில் பார்ப்பார்கள். யாரோ ஒருவருடைய துப்பாக்கிப் பாகம் உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்டால், கடைக்காரரா வந்து பதில் சொல்வார்?

கடையில் கேட்டபோது, "ஒரே ஃபேக்டரி சரக்குதான் சார், எல்லாம் ஒண்ணுதான்" என்றார் முதலாளி. டபுள் பேரலில் ஒவ்வொரு கட்டையையும் அதனதன் குழலுக்கு இழைத்துப் பொருத்தியிருப்பார்கள். துப்பாக்கி வேலை பார்க்கிறவருக்கா இது தெரியாது? ரசீதை மேசைமேல் வைத்தபிறகுதான் தேட ஆரம்பித்தார்கள். என் கட்டை, டெலிவரிக்குத் தயாராக நின்ற இன்னொருவர் துப்பாக்கியில் மாட்டியிருந்தது. நான் போகாமல் இருந்திருந்தால் அந்த மனிதரும் சிக்கலில் மாட்டியிருப்பார்.

கட்டையை மாற்றிக் கொடுத்தார்கள். மன்னிப்பு இல்லை. போடாத பின்னுக்கு வாங்கிய பணமும் வரவில்லை. "வேணும்னா மறுபடி விட்டுட்டுப் போங்க" என்ற பதில்தான்.

இந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்றால், நமக்கு அதிகம் போக்கிடம் கிடையாது. 1959 ஆயுதச் சட்டப்படி ரிப்பேர் பண்ணுவதற்கே தனி லைசென்ஸ் வேண்டும், தெருமுனை லேத் பட்டறையில் கொடுக்க முடியாது. அந்த லைசென்ஸை நம்பித்தான் எங்களைப் போன்றவர்கள் பிழைப்பையே கொண்டுபோய் வைக்கிறோம்.

கன்மேன் வேலையில் இருக்கும் தம்பிமார்களே, கடையை விட்டு இறங்கும் முன் முன்கட்டையைக் கழற்றி, அதிலும் குழலிலும் பாடியிலும் நம்பர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டம்மி தோட்டா போட்டு அவர்கள் கண்ணெதிரிலேயே அடித்துப் பாருங்கள்.

என் துப்பாக்கியை இப்போது வேறு கடையில் கொடுத்திருக்கிறேன். திரும்பி வரும்வரை டூட்டி இல்லை.