செயலி எழுத எந்த லப்டொப்: மக்புக்கா, புது விண்டோஸா, பழைய திங்பேடா?

செயலி உருவாக்கப் பழகிற பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் நடைமுறையில் மூன்று வழிதான். வெளிநாட்டுச் சொந்தம் கொண்டுவந்து தரும், அப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 உள்ள மக்புக் எயார். ஸ்ரான்லி வீதியிலோ கொழும்பு பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலோ வாங்கும் புது விண்டோஸ் லப்டொப். கம்பனிகள் கழித்துவிட்ட பழைய லெனோவோ திங்பேட். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான். ஐபோன் வேலை கையில் இருந்தால் மட்டும் முதலாவது.

மக்புக்கின் பலம் எக்ஸ்கோட், ஐபோன் செயலி எழுதும் அப்பிளின் மென்பொருள். அது மக்கில் மட்டுமே ஓடும். ஐபோன் செயலியைக் கட்டி அப் ஸ்டோருக்கு அனுப்ப எங்கேயாவது ஒரு மக் வேண்டும். 2020இல் வந்த எம்1 எயாரில் மின்விசிறியே இல்லை, பற்றரி நின்று பிடிக்கும், அன்ட்ரொயிட் எமுலேற்றரும் (திரையிலேயே போனைப் போல ஓடும் மென்பொருள்) அதில் விறுவிறுவென்று ஓடும். ஆனால் கைமாறி வருபவற்றில் அதிகம் 8 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பு. இரண்டையும் பிறகு கூட்ட முடியாது; எக்ஸ்கோடும் அதன் ஐபோன் சிமுலேற்றர்களுமே பல பத்து ஜிபியை விழுங்கிவிடும். மலிவாக வருகிறதே என்று இன்டெல் சிப் உள்ள பழைய மக்கை எடுக்காதீர்கள். இன்டெலுக்குக் கடைசி இயங்குதளம் மக்ஓஎஸ் 26தான் என்று அப்பிளே 2025இல் சொல்லிவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. கூகுள் பிளேயில் பதிவு ஒரே தடவை 25 டொலர். அப்பிளில் வருடா வருடம் 99 டொலர். ஐபோனுக்குக் காசு தரும் வாடிக்கையாளர் வரும்வரை, ஒரே கோட்டில் ஐபோனுக்கும் அன்ட்ரொயிட்டுக்கும் செயலி எழுத உதவும் ஃபிளட்டரில் எழுதி, கோட்மஜிக் போன்ற சேவையில் வாடகை மக்கில் பில்ட் (ஓடத் தயாரான செயலி) எடுக்கலாம். பிழை வந்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புது விண்டோஸ் லப்டொப்பில் பார்க்க வேண்டியது ராம்; மினுக்கம் அல்ல. அன்ட்ரொயிட் செயலி எழுதும் அன்ட்ரொயிட் ஸ்டூடியோ, கோட்டைச் செயலியாகக் கட்டும் கிரேடில், எமுலேற்றர், குரோம் நான்கும் சேர்ந்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும், 16 வேண்டும். 'பிறகு கூட்டலாம்' என்று சொன்னால் ஸ்லொட் இருக்கிறதா என்று கேளுங்கள், மெல்லிய மொடல்கள் பலவற்றில் ராம் போர்ட்டோடு ஒட்டியபடிதான் வரும். கேமிங் லப்டொப் வேண்டாம். அந்தக் கிராபிக்ஸ் கார்ட்டால் கிரேடில் பில்டுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, பாரமும் சூடும்தான் மிச்சம்.

இனி திங்பேட் டி480. 2018 மொடல். இரண்டு ராம் ஸ்லொட், 32 ஜிபி வரை போடலாம். உள்ளே ஒரு பற்றரி, பின்னால் கழற்றக்கூடிய இன்னொன்று. லப்டொப்பை நிறுத்தாமலே பின்பற்றரியை மாற்றலாம். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும் என்பதால், தேவையான லைப்ரரிகளை முன்கூட்டியே இறக்கிவைத்துக் கிரேடிலை ஓஃப்லைனில் ஓட்டப் பழகுங்கள். குறை இல்லாமல் இல்லை: பில்ட் எம்1 அளவுக்கு ஓடாது, எமுலேற்றரும் பாரம். அதற்கு வீட்டில் கிடக்கும் பழைய சம்சுங்கை யூஎஸ்பி வயரில் கொழுவினால் போதும். உண்மையான போனில் சோதிப்பதுதான் எப்படியும் நல்லது. எமுலேற்றர்தான் வேண்டும் என்றால் பயோஸில் (லப்டொப் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) வேர்ச்சுவலைசேஷன் என்ற, எமுலேற்றர் வேகமாக ஓடத் தேவையான வசதி திறந்திருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

எந்த லப்டொப்பை யார் கொண்டுவந்தாலும், காசு கொடுக்க முதல் கீபோர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜேர்மனியில் இருந்து மாமா அனுப்பும் விண்டோஸ் லப்டொப்பில் இசட்டும் வையும் இடம் மாறியிருக்கும். நெளிவு அடைப்புக்குறி திறக்க வலப்பக்க ஆல்ட்ஜிஆரோடு 7ஐ அமத்த வேண்டும். பிரான்ஸில் இருந்து வருவதில் இலக்கம் அடிக்கவே ஷிஃப்ட் வேண்டும். கோட் எழுதுபவனுக்கு இது நாள் முழுக்கத் தொல்லை. திங்பேட்டில் கீபோர்ட்டை மட்டும் கழற்றி மாற்றலாம். மக்புக்கில் அது மேல்பக்க உடலோடு சேர்ந்தது. மாற்றப் போனால் செலவு கூட.