காரைக்குடியில் டான்சிலுக்குப் பார்த்த குழந்தைகள் மருத்துவமனை

எச்சில் விழுங்கவே அழுத ஏழு வயது மகளைக் கண்டனூரிலிருந்து காரைக்குடியில் உள்ள ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். டோக்கன் வாங்கியும் இரண்டு மணி நேரம் காக்க வைத்தது பெருங்குறை. மருத்துவரோ நிதானமானவர், டார்ச் அடித்து, டான்சிலில் படிந்திருந்த வெண்புள்ளிகளை எங்களுக்கும் காட்டி, பெரும்பாலும் வைரஸால் வரும் இவ்வீக்கம் ஒரு வாரத்தில் தானே ஆறிவிடும் என்றும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா கிருமி இருந்தால் மட்டுமே ஆன்டிபயாடிக் தேவை என்றும் விளக்கிய பின்பே, பஞ்சுக் குச்சியால் தொண்டையில் மாதிரி எடுத்தார். கிருமி உறுதியானதால் 10 நாள் அமாக்சிசிலின் எழுதி, காய்ச்சல் விட்டாலும் நடுவில் நிறுத்தக் கூடாது என்று சீட்டில் அடிக்கோடிட்டார். மூன்றாம் நாளே மகள் பால் பணியாரம் கேட்டாள். அறுவை சிகிச்சை பற்றி அப்பத்தா கவலைப்பட்டபோது, ஓராண்டில் 7 முறை என்ற அளவுக்கு அடிக்கடி வந்தால்தான் அதை யோசிக்க வேண்டும் என்றார் மருத்துவர்.